வெறுங்கை நடை

9 யூன் 1998, செவ்வாய். இன்றைய தவறு: மூன்று சுமைநடைகளுக்கும் நேரம் கணக்கிட்டபோது, சுமையோடு போகும் இரண்டு நடைகளை மட்டும் எழுதிவிட்டேன். நடுவில் வெறுங்கையோடு திரும்பி வரும் நடையை எழுதவில்லை. நாளைய வேலை: எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கி மறுபடி எழுதுதல்.

யோகராணி இந்தக் குறிப்புப் புத்தகத்தைத் தன் விருப்பத்துக்கு எழுதத் தொடங்கவில்லை. பிளாக்டவுனில் செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஆறரைக்கு ஒரு வகுப்பு நடந்தது. காட்டாறுகளில் வள்ளம் வலித்துப் போவதற்குத் திட்டமிடுவது எப்படி என்று அங்கே லின் என்ற பெண் சொல்லிக்கொடுத்தாள். பகலில் நில அளவை வேலை பார்ப்பவள். அவள் போட்ட சட்டம்தான் அது. முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை. நடுவில் எதை எழுதினாலும் அவள் கேட்கமாட்டாள். வகுப்பில் இருந்த பதினொரு பேரில் இதைத் தவறாமல் எழுதியவள் யோகராணி மட்டும்தான். மற்றவர்களுக்கு எழுதத் தவறு கிடைக்கவில்லை. அவளுக்கு ஒரு நாளும் பஞ்சமில்லை.

ஒக்டோபர் நீண்ட வாரவிடுமுறையில் நான்கு பேர், இரண்டு வள்ளங்கள், கராலா ஆற்றில் நான்கு நாள். அதுதான் பயணம். ஆறு மூன்று இடங்களில் பாறை இடுக்குகளில் விழுகிறது. அங்கெல்லாம் வள்ளத்தையும் மூட்டைகளையும் கரையேற்றி, தோளில் சுமந்து நடந்து, வீழ்ச்சிக்குக் கீழே மறுபடி இறக்க வேண்டும். அதற்குச் சுமைநடை என்று பெயர் வைத்தவர் அவளுடைய அண்ணன் விக்னராஜா. ஒரே தடவையில் எல்லாவற்றையும் சுமக்க முடியாது. ஒரு சுமையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து, மற்றச் சுமையை எடுத்துப் போக வேண்டும். மூன்றாவது சுமைநடைதான் நீளமானது. நானூறு மீற்றர். அதைத் தாண்டினால்தான் கூடாரம் போடச் சமதரை இருக்கிறது, அங்கேயும் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

எட்டு மாதமாக யோகராணி இந்தத் திட்டத்தோடு கிடந்தாள். பகலில் பல் வைத்தியரின் வரவேற்பு மேசை, பின்னேரத்தில் குவேக்கர்ஸ் ஹில்லில் அண்ணன் வீட்டுக் குசினி மேசை. வரைபடத்தின் மேல் நூலை வளைத்து வளைத்துத் தூரம் அளந்தாள். அரிசி, பருப்பு, தீப்பெட்டி, கயிறு என்று ஒவ்வொன்றையும் நிறுத்துப் பட்டியல் போட்டாள். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருடத்தில் அவள் கையில் முழுதாக ஒப்படைக்கப்பட்ட முதல் காரியம் இது. அதுவும் இலேசில் கிடைக்கவில்லை. போன வருடம் இங்கேயுள்ள நீல மலையில் வரைபடத்தைப் பிழையாகப் பார்த்து எல்லோரையும் மூன்று மணி நேரம் வீணாக நடக்க வைத்தவள் அவள். கெல்லிவில்லில் இருக்கும் அண்ணனின் நண்பர் சேகருக்கு அன்றிலிருந்து அது ஒரு வற்றாத பகிடி. வள்ளங்கள் இரண்டும் சேகருடையவை. அவருடைய மனைவி கிரிஜா நல்லவள்தான், ஆனால் சேகர் சொல்லும் பகிடிக்கெல்லாம் சிரித்துவிடுவாள்.

வெறுங்கை நடையை ஊகித்து எழுதக் கூடாது, அளந்து எழுத வேண்டும் என்று லின் சொல்லியிருந்தாள். பயணத்தில் அந்த நடை எந்த வெளிச்சத்தில் வருமோ அதே வெளிச்சத்தில், அதே களைப்பில். ஆகவே பதினாலாம் திகதி ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு, இந்தத் தென்கோள நாட்டின் யூன் மாதக் குளிர்காலச் சூரியன் கூரைகளுக்குப் பின்னால் சரியும் நேரத்தில், நான்கு பேரும் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓடைக் கரையில் கூடினார்கள்.

ஓடையை ஒட்டி ஒரு கொங்கிறீற் பாதை. இந்த நுனியில் ஒரு மரப்பாலம், அந்த நுனியில் ஒரு மரப்பாலம், இடையில் அண்ணன் சில்லு உருட்டி அளந்த நானூறு மீற்றர். அந்தப் பாலத்தடியில் சேகரின் கார் நின்றது. போகும்போது வலப்பக்கம் ஓடை, நாணல், தண்ணீரில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு கடைத் தள்ளுவண்டி. இடப்பக்கம் வீடுகளின் பின்வேலிகள். யோகராணி எண்ணி வைத்திருந்தாள். பதினாலு வேலிகள். ஐந்தாவதில் நாய். ஒன்பதாவதில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடக் குழலை ஊதிப் பழகும், நாலாவது சுரத்தில் எப்போதும் பிசகும். பதினோராவதில் உயரமான வலைபோட்ட துள்ளுமெத்தை.

முதல் சுமையில் அண்ணனும் சேகரும் ஆளுக்கொரு வள்ளத்தைத் தலைகீழாகத் தோளில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். அப்படிச் சுமப்பவரின் தலை வள்ளத்துக்குள் போய்விடும். வெளியே தெரிவது இரண்டு கால்கள்தான். சிவப்பு வள்ளத்துக்குக் கால் முளைத்தது போல. பெண்கள் மூட்டைகளைச் சுமந்தார்கள். அந்தப் பாலத்தில் எல்லாவற்றையும் இறக்கியதும் மூவரும் பேசிக்கொண்டே திரும்பினார்கள். யோகராணி பின்தங்கினாள். திட்டக்காரி பட்டியலைச் சரிபார்த்து, நூலில் கட்டித் தோளில் தொங்கவிட்ட பென்சிலால் அடையாளம் போட்டுவிட்டுக் கடைசியாக வர வேண்டும் என்பது அவளே எழுதி வைத்த முறை. இரண்டு வள்ளம், நாலு மூட்டை, நாலு துடுப்பு. சரி.

திரும்பி வரும் வழியில் எதிரே ஒரு சிவப்பு வள்ளம் வந்தது.

பாதை ஒடுக்கம். அவள் வேலியோடு ஒதுங்கி நின்று, சேகர் ஏதும் பகிடி சொல்லும் முன்பே முந்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில், மன்னிக்க வேணும் சேகர் அண்ணா என்றாள். வள்ளத்துக்குள்ளிருந்து பதில் வரவில்லை. கால்கள் நிதானமாகக் கடந்து போயின. ஈரமான பைபர்கிளாஸ் மணமும் அதற்கடியில் வேறொரு மணமும் காற்றில் கொஞ்ச நேரம் நின்றன. எங்கோ பழகிய மணம்.

இந்தப் பாலத்துக்கு வந்தபோது அண்ணன், சேகர், கிரிஜா மூன்று பேரும் இரண்டாவது சுமைகளின் மேல் குந்தியிருந்தார்கள். சேகர் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் நேரக் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம். அவளுக்குப் பதினொன்று.

"யோகா, கோவிச்சுக்காதீங்க," என்றார் சேகர். "கைய வீசிக்கிட்டு வர்ற தூரம். நடுவுல வீடு ஏதாச்சும் வெலைக்குப் பாத்தீங்களா?"

கிரிஜா சிரித்தாள். யோகராணி வள்ளத்தைப் பற்றிக் கேட்டாள். வள்ளங்கள் இரண்டும் அந்தப் பாலத்தில் இருக்கின்றன, நீதானே அடையாளம் போட்டுவிட்டு வந்தாய் என்று அண்ணன் சொன்னார். வேறு யாராவது பழகுகிறார்களாக்கும் என்று கிரிஜா முடித்துவைத்தாள். அவர்கள் இரண்டாவது சுமையோடு நடந்தபோது வழியில் யாரும் இல்லை. அந்தப் பாலத்தில் சிவப்பு வள்ளங்கள் இரண்டே இரண்டு, பக்கத்தில் பக்கத்தில், அவள் விட்ட மாதிரியே கிடந்தன.

அன்றைய தவறாக அவள் எழுதியது: வழியில் மினக்கெட்டுவிட்டேன் போல. அந்தப் 'போல' அவளை உறுத்தியது. எங்கே மினக்கெட்டாள்? ஒதுங்கி நின்றது பத்து விநாடி. மிச்சம் எங்கே போனது?

செவ்வாய் வகுப்பில் லின் நேரங்களைப் பார்த்துவிட்டு, மெதுவாக நடப்பவரின் நேரம்தான் குழுவின் நேரம் என்றாள். அதில் கோபம் எதுவும் இல்லை, வெறும் கணக்கு. பதினொரு நிமிடம் என்றால் மூன்றாவது சுமைநடை இருட்டில் முடியும். இருட்டில் முடிகிற திட்டத்தில் லின் கையெழுத்துப் போடமாட்டாள். அந்தக் கையெழுத்தை வாங்க அடுத்த செவ்வாய், இருபத்து மூன்றாம் திகதி கடைசி நாள். அது தவறினால் ஒக்டோபருக்கு அனுமதி எடுக்க முடியாது.

வகுப்பு முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றபோது, அண்ணனோடு வந்து காத்திருந்த சேகர் விஷயத்தை மெல்ல அவிழ்த்தார். கிரிஜாவோடு வேலை செய்யும் சந்திரிகா, மலேசியாக்காரி, சின்ன வயதிலிருந்தே துடுப்புப் பிடித்தவள், இப்படி ஒரு பயணம் என்றால் நாளைக்கே வருவாளாம். யோகா திட்டத்தை மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும். இந்த முறை வீட்டிலிருந்தே வழிகாட்டலாம். அவர் அதைக் கரிசனையாகத்தான் சொன்னார். அந்தக் கரிசனைதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியபின் அண்ணன் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை அஞ்சு நிமிசத்திலை வந்து காட்டு, பிள்ளை. ஒருத்தரும் ஒண்டும் கதையாயினம். இல்லையெண்டால் நான் என்னெண்டு உனக்காகப் பேசுறது?"

வியாழன் பின்னேரம் அவள் அண்ணனை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனாள். சுமை இல்லை, வள்ளம் இல்லை, பட்டியல் இல்லை. போய் அந்தப் பாலத்தின் கைபிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது. அடிகளை எண்ணுவது. அண்ணன் இந்தப் பாலத்தில் கடிகாரத்தோடு நின்றார். தோள் இன்னும் வலித்தது. புறப்படும் முன் சித்தாலேப்ப என்ற வலித் தைலத்தைப் பூசிக்கொண்டாள்.

போகும்போது ஐந்நூற்று எண்பத்திரண்டு அடி. வேலிகள் பதினாலு. நாய் குரைத்தது, குழல் நாலாவது சுரத்தில் பிசகியது, துள்ளுமெத்தை வலை காற்றில் அசைந்தது. கைபிடி ஈரமாக, ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. திரும்பினாள்.

திரும்பும்போது துள்ளுமெத்தை வந்தது. சரி. பிறகு இரண்டாவது வேலியில் குழல், வெங்காயம் வதங்கும் மணம், துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூடான சவர்க்கார மூச்சு. சரி. பிறகு நாய் வர வேண்டும். வரவில்லை. வேலிகள் வந்தன. எல்லாம் ஒரே உயரம், ஒரே ஈரப் பலகை நிறம். ஒவ்வொன்றின் மேலாலும் ஒரு குசினி யன்னல், மஞ்சள் வெளிச்சம், கழுவுதொட்டியின் முன் குனிந்து நிற்கும் ஒரு முதுகு. பிறகு மறுபடி குழல். அதே நாலாவது சுரம். அதே பிசகல். அவள் எண்ணிக்கையை விடவில்லை. எழுநூறு. எண்ணூறு. கோபம் கோபமாக வந்தது, யாரோ வேண்டுமென்றே கோட்டை அழித்து நகர்த்துவது போல. ஆயிரத்து நூறு. ஒரு வேலிக்குப் பின்னால் நாய் இருந்தது. குரைக்கவில்லை. பலகை இடுக்கால் மூக்கை நீட்டி, அவள் போகும் திசையை அல்லாமல் அவள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆயிரத்து முந்நூற்றுப் பத்தாவது அடியில் பாலம் வந்தது. அண்ணன் பாலத்தில் இல்லை. பாதையில், அவளுக்குப் பின்னாலிருந்து, மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"எங்கையடி போனனி?"

"நான் ஒரிடமும் போகேல்லை அண்ணை. நேராய்த்தான் வந்தனான்."

"நேராய் வந்தியோ? இருபத்தொரு நிமிசம். நான் பயந்துபோய் அந்தப் பாலம் மட்டும் போட்டு இப்பதான் வாறன். வழியிலை நீ இல்லை, யோகா. ஒரு குருவிகூட இல்லை."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆருடையாவது வீட்டுக்குள் போய் இருந்துவிட்டு வருகிறாயா என்று மெல்லக் கேட்டார். பயணத்தில் விருப்பமில்லை என்றால் நேராகச் சொல்லலாம், இப்படி விளையாட வேண்டாம் என்றார். அவள் வீட்டை நோக்கி நடந்தாள். வாயைத் திறந்தால் அழுகை வரும், அழுதால் அது இன்னொரு தவறாகப் போய்விடும்.

அன்றிரவு பாதையைப் படமாக வரைந்து பார்த்தாள். வரையும்போதுதான் பென்சில் நின்றது. போகும்போது ஓடை வலப்பக்கம். ஆகவே திரும்பும்போது இடப்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் கண்ணை மூடினால் நினைவில் நின்றது அப்படியல்ல. இரண்டு வழியிலும் தண்ணீர் வலப்பக்கமே சலசலத்தது. இரண்டு வழியிலும் வேலிகள் இடப்பக்கமே. தன் நினைவு பிழையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அதையே அன்றைய தவறாக எழுதினாள். எழுதிய பிறகும் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

நடையை ஒத்திப்போடலாமா என்று அவள் நினைக்காமல் இல்லை. சனிக்கிழமை முழுக்க அதையே நினைத்தாள். ஆனால் ஒத்திப்போட்டால் செவ்வாய் தவறும், செவ்வாய் தவறினால் அவளுடைய இடத்தில் சந்திரிகா ஏறுவாள். கராலா ஆற்றின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு மனப்பாடம். யாரோ ஒருத்தி அவள் நிறுத்து வைத்த அரிசியைச் சமைத்து, அவள் குறித்து வைத்த சமதரையில் படுத்து எழும்புவாள். இல்லை. ஐந்து நிமிடம். ஒரேயொரு ஐந்து நிமிடம்.

ஞாயிறு, இருபத்தோராம் திகதி. வருடத்தின் மிகக் குறுகிய பகல். நாலரைக்கே ஓடையின் மேல் சாம்பல் கட்டியது. முதல் சுமை எந்தக் குழப்பமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாலத்தில் அண்ணன் நேரக் கடிகாரத்தைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, பட்டியலை இன்றைக்கு விட்டுவிட்டு எங்களோடேயே வா என்றார். சரியான யோசனை. யோகராணி அவர்களோடு நாலடி நடந்தாள். பிறகு, நாலு துடுப்பில் மூன்றைத்தான் பார்த்தோமோ என்ற ஐயம் வந்தது. அப்படி ஓர் ஐயத்தோடு நடக்க அவளுக்குத் தெரியாது. ஒரு கணம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். துடுப்பு நாலும் இருந்தன. வள்ளம் இரண்டும் இருந்தன. நிமிர்ந்தபோது பாதையில் யாரும் இல்லை.

நாலடி தூரம். பத்து விநாடி. அவர்களுடைய பேச்சுச் சத்தம்கூட இல்லை.

வேகமாக நடந்தாள். தண்ணீரைத் தேடினாள். வலப்பக்கம். நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி முன்னால் பார்த்தாள். இரண்டு முறையும் வலப்பக்கம். சரி. அதைப் பிறகு யோசிக்கலாம். துள்ளுமெத்தை. ஒன்று, இரண்டு, குழல். வெங்காய மணம். சவர்க்காரச் சூடு. வேலி. வேலி. மஞ்சள் யன்னல், குனிந்த முதுகு. வேலி. குழல்.

அவள் ஓடத் தொடங்கினாள். ஓடினாலும் எண்ணினாள். தூரத்தில், பாதை வளையும் இடத்தில், இந்தப் பாலத்து விளக்குக் கம்பம் தெரிந்தது. அதன் கீழே மூன்று பேர். அண்ணனின் நீலத் தொப்பி. சேகர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் கையை உயர்த்திக் கூப்பிட்டாள். குரல் நாணலுக்குள் போய்த் தங்கிவிட்டது. ஒருவரும் திரும்பவில்லை. அறுநூறு. எழுநூறு. விளக்குக் கம்பம் அதே அளவில் இருந்தது.

அப்போது எதிரே அது வந்தது.

சிவப்பு வள்ளம். கவிழ்ந்து, ஆடாமல், இரண்டு கால்களின் மேல். அவள் வேலியோடு ஒட்டிக்கொண்டாள். பலகையின் ஈரம் முதுகில் ஊறியது. கால்கள் நெருங்கின. சாம்பல் நிறக் காற்சட்டை. இடது முழங்காலில் சேறு. இன்று மதியம் தோட்டத்தில் முழங்காலூன்றியபோது பட்ட சேறு. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நிமிர்ந்து அந்தக் காலைப் பார்த்தாள். காற்றில் அந்த மணம் வந்தது. சித்தாலேப்ப.

வள்ளத்துக்குள் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள்ளிருந்து வருவது போல, நிதானமாக, மூச்சு வாங்காமல். இருநூற்றுத் தொண்ணூறு. இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. அவளுடைய குரல்.

அது நிற்கவில்லை. ஒதுங்கவும் இல்லை. கடந்து போனது. வள்ளத்தின் பின்முனை இருட்டுக்குள் சின்னதாகிச் சின்னதாகி இல்லாமல் போனது. அந்தத் திசையில், மிகத் தொலைவில், பலகை மேல் வள்ளத்தை மெதுவாக இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு காலடிகள். வெறுங்கையோடு நடப்பவரின் இலேசான, விரைந்த காலடிகள். திரும்பி வருகிற காலடிகள்.

யோகராணி ஓடினாள். எண்ணவில்லை. வேலி. வேலி. முதுகு. குழல். வேலி. காலடிகள் பின்னால் வந்தன. பக்கத்தில் வந்தன. அவளுடைய முழங்கையில் ஒரு சட்டைத் துணி உரசியது. முன்னால் போயின.

அவள் பார்த்தது ஒரு முதுகை. பின்னிய தலைமயிர். தோளில் தொங்கிய பென்சில் நூல். கைகளை வீசிக்கொண்டு அது விளக்கடிக்குப் போனது. இவளுக்கு நெருங்காத வெளிச்சம் அதற்கு நெருங்கியது. பத்தே அடியில்.

"நாலு நிமிசம் அம்பத்திரண்டு," என்றார் அண்ணன். ஓடையெல்லாம் கேட்கும்படி. "பாத்தியா? உன்னாலை ஏலுமெண்டு நான் சொன்னனான்."

"அப்பாடா. நாலாவது ஆள் கன்ஃபர்ம்," என்றார் சேகர். கிரிஜா கைதட்டினாள். அண்ணன் அதன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். எட்டு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"அண்ணை." கத்தினாள். "அண்ணை, நான் இஞ்சை."

நான்கு பேரும் குனிந்து சுமைகளை எடுத்தார்கள். டோர்ச் வெளிச்சங்கள் நான்கு பாதையில் ஏறின. அவளை நோக்கி வந்தன. அவள் பாதையின் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். வரட்டும். இடித்துக்கொண்டு போகட்டும். வெளிச்சங்கள் வந்தன. வந்தன. வந்துகொண்டே இருந்தன. பிறகு இல்லை. பிறகு அவர்களுடைய குரல்கள் அவளுக்குப் பின்னால், அந்தப் பாலத்தடியில் கேட்டன. சேகர் நீல மலைப் பகிடியைத் தொடங்கினார். ஒரு பெண் முந்திக்கொண்டு அதை முடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். யோகராணிக்கு அப்படி முந்தத் துணிவு வந்ததே இல்லை.

கார்க் கதவுகள் சாத்தப்பட்டன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

இயந்திரச் சத்தம் தெருவுக்குள் தேய்ந்து போனபின் குழல் மட்டும் மிஞ்சியது. முன்னால் வேலிகள். கண்ணுக்கு எட்டிய வரை, ஒன்றன்பின் ஒன்றாய், மஞ்சள் யன்னல்கள். இவ்வளவு நேரமும் தொட்டியின் முன் குனிந்திருந்த முதுகுகள் நிமிர்ந்திருந்தன. முதல் யன்னலில் இருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். அடுத்த யன்னலிலும் திரும்பினாள். அதற்கடுத்ததிலும். பின்னிய தலைமயிர். தோளில் பென்சில் நூல். வரிசையாக, தொலைவு வரை, யோகராணியின் முகம் வெளியே இருட்டுக்குள் நின்ற யோகராணியைப் பார்த்தது. ஒரு முகத்திலும் வியப்பு இல்லை.

அவள் அவற்றைப் பார்க்காமல் பாதையில் உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தாள். திகதி போட்டாள். இன்றைய தவறு என்று எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்தாள். எதை எழுதுவது என்று தெரியவில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டுக் கடைசி வரிக்கு இறங்கினாள்.

நாளைய வேலை: வெளிச்சம் வந்ததும் வேலிகளை முதலில் இருந்து எண்ணுதல்.